ஓசி டிவியும் என் இடது காதும்

எங்கள் வீட்டு டிவிக்குத் தமிழ் தெரியாது என்று நான் நம்பினேன். சத்தியமாக நம்பினேன். ஐம்பத்திரண்டு வயது, மீசை முளைத்த நாளிலிருந்து மெஷினோடு மல்லுக்கட்டுகிறவன், சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் ஃபோர்மேன். இவ்வளவு இருந்தும், ஹாலில் மாட்டியிருக்கும் பெட்டிக்கு முன்னால் தெலுங்கில் பேசினால்தான் ஆபத்து, தமிழில் பேசினால் நம் ரகசியம் நம்மோடு என்று நினைத்துக்கொண்டு மூன்று மாதம் குடும்பம் நடத்தினேன்.

இந்த நம்பிக்கை எங்கள் ரத்தத்திலேயே உண்டு. நாங்கள் ஆந்திராவில், நகரி பக்கத்துத் தமிழ்க் குடும்பம். பள்ளிக்கூடம் தெலுங்கு, ரேஷன் கார்டு தெலுங்கு, வேலையிடத்துச் சண்டை தெலுங்கு. தமிழ் வீட்டுக்குள் மட்டும். ஆகவே வெளியார் காதில் விழக்கூடாதது எல்லாம் தமிழில்தான். முன்பு குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, என் மனைவி மலர்ந்த முகத்தோடு என் பக்கம் திரும்பி, "காபி குடுத்தா இன்னும் ஒரு மணி நேரம் உக்காந்துக்கினு இருப்பாரு, மோர் குடுக்கட்டுமா?" என்பாள். அவரும் மரியாதையாகத் தலையாட்டுவார்.

திருப்பதிக்குக் குடிவந்த பிறகு இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்கவில்லை. மார்க்கெட்டில், "கத்திரிக்கா பூரா சொத்தை, வாங்க போலாம்" என்று அவள் தமிழில் சொன்னால், அதுவரை தெலுங்கில் பேசிக்கொண்டிருந்த கடைக்கார அம்மாள், "சொத்தை இல்லம்மா, காலைல பறிச்சது, நீயே ஒடைச்சுப் பாரு" என்று நல்ல தமிழில் பதில் சொல்வாள். வேலூரும் திருவள்ளூரும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற ஊரில் யாருக்குத் தமிழ் தெரியாது? கத்திரிக்காய்க் கடையில் எத்தனையோ தடவை இந்தப் பாடம் படித்தவன், டிவி விஷயத்தில் மட்டும் முதல் வகுப்பிலிருந்து ஆரம்பித்தேன்.

டிவி ஓசியில் வந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னால் ஒரு பழைய வயிற்றெரிச்சல் உண்டு. முன்பு எல்லைக்கு அந்தப் பக்கத்து சர்க்கார் வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி கொடுத்தபோது, திருத்தணியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு ஒன்று வந்தது. அக்கா புருஷன், அதாவது என் மாமா, போன் போட்டு, "உங்க சர்க்காரு இன்னாபா குடுத்துச்சு?" என்று விசாரித்தார். பல வருஷம் விசாரித்தார். நல்லது கெட்டதுக்குப் போனால் அந்த டிவிக்கு நேராக எனக்கு இலை போடுவார். ஆகவே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பந்தல் போட்டு, நீலச் சட்டை போட்ட பெண் ஒருத்தி, "சார், ஐம்பத்தைந்து இஞ்ச் டிவி, முழுக்க ஃப்ரீ" என்று தெலுங்கில் கூப்பிட்டபோது, எனக்கு வரவேண்டியது தாமதமாக வந்து சேர்ந்ததாகத்தான் தோன்றியது.

எதற்கு ஃப்ரீ என்று கேட்டேன். நான் அவ்வளவு ஏமாளி இல்லை. அவள் விளக்கினாள். டிவிக்குக் கீழே, புடவைக்கு பார்டர் வைத்தது போல, நீளமாக இன்னொரு சின்னத் திரை இருக்கும். அதில் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும், பெரிய திரையை அணைத்தாலும் ஓடும். மேலே ஒரு கேமராவும் மைக்கும் உண்டு. நாம் பார்ப்பதை டிவி கவனிக்கும், நமக்குத் தகுந்த விளம்பரம் காட்டும். மூடக்கூடாது, பிடுங்கக்கூடாது, நெட் இல்லாமல் வைக்கக்கூடாது, இரண்டு வருஷம் நம் வீட்டிலேயே இருக்கவேண்டும். அவ்வளவுதான் சார்.

அவ்வளவுதானே என்று நானும் நினைத்தேன். ஒப்பந்தம் இங்கிலீஷில், விரலால் தள்ளத் தள்ள முடியாமல் வந்துகொண்டே இருந்தது. அனுமார் வால் மாதிரி. அடியில் போய் 'சம்மதம்' என்ற இடத்தில் கட்டைவிரலை வைத்தேன். பிறகு கேள்விகள். வீட்டில் எத்தனை பேர்? மூன்று. நான், மனைவி, யுனிவர்சிட்டியில் எம்.எஸ்ஸி. படிக்கும் மகள். எந்த எண்ணெயில் சமையல்? யாருக்காவது சர்க்கரை, பிரஷர், பார்வை, காது, மூட்டுவலி? எல்லாவற்றுக்கும் 'இல்லை'. வீட்டில் பேசும் மொழி? அங்கே தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் மூன்றுதான் இருந்தன. தெலுங்கைத் தொட்டேன். அந்த நொடியில்தான் அந்த மகத்தான எண்ணம் எனக்குள் பிறந்தது: இதுக்குத் தமிழ் தெரியாது.

மனைவிக்கு முதல் நாளே டிவி பிடிக்கவில்லை. "தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சிப் பாக்கக்கூடாதுமே" என்று நான் சமாதானம் சொன்னேன். அவள் அந்தக் கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இந்த மாடு நம்ம பல்லை எண்ணிக்கினு இருக்குது" என்றாள்.

இனி என் காதைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஃபேக்டரியில் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது காதுதான். சீசன் தொடங்கினால் தோத்தாபுரி மாம்பழம் டிராக்டர் டிராக்டராக வந்து வாசலில் வரிசை கட்டும். கூழ் எடுக்கிற மெஷின் ஒன்று நின்றால் பழம் அழுகும், டிராக்டர்க்காரன் ரகளை செய்வான். அதனால் மே மாதத்திலேயே எல்லா மெஷினையும் வெறுமனே ஓட்டிப் பார்ப்போம். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதுக்குள் அழுத்திக்கொண்டு கேட்பேன். நல்ல பேரிங் நிம்மதியாகத் தூங்குகிறவன் மாதிரி சத்தம் போடும். கெடப்போகிறது சளி பிடித்தவன் மாதிரி. நான் "இது போகும்" என்று சொன்னால் கேள்வி கேட்காமல் மாற்றுவார்கள். "உன் காது இருக்கிற வரைக்கும் எனக்கு பயமில்லைய்யா" என்பார் எங்கள் மேனேஜர்.

போன சீசனில், மத்தியானம், நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு பேரிங் கதறியிருக்கிறது. கதறியது என்று பிறகு சொன்னார்கள். எலக்ட்ரீஷியன் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து சுவிட்சை அணைத்தான். அவன் எனக்குப் பத்து வயது சின்னவன், மரியாதை தெரிந்தவன். "ஏன்ணா, கேக்கலையா?" என்றான். "கேட்டுச்சுடா, நீ எவ்ளோ வேகமா ஓடுறேன்னு பாக்கலாம்னு இருந்தேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, போனை இடது காதில் வைத்துப் பார்த்தேன். தூரத்தில் ஒரு ஈ பறந்த மாதிரி இருந்தது. வலது காதுக்கு மாற்றினால் பாதி மனிதன் பேசினான்.

யாரிடமும் சொல்லவில்லை. காது கேட்காத ஃபோர்மேனை அடுத்த சீசனுக்கு எந்த மடையன் மெஷின் பக்கம் விடுவான்? மகள் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம். அதுவரை, முக்கியமாக இந்த மே மாத ஓட்டம் முடியும்வரை, விஷயம் வெளியே போகக்கூடாது. அதுதான் என் திட்டம். ஆனால் ரகசியம் என்பது மலச்சிக்கல் மாதிரி, எங்கேயாவது இறக்கிவைத்தால்தான் நிம்மதி. டிவி வந்து மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாருமில்லாத நேரம் பார்த்துத் திருத்தணி மாமாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில். சோபாவில் உட்கார்ந்து. டிவிக்கு நேராக. தமிழில்.

"மாமா, எடது காது போச்சு. வலது பாதிதான் இருக்குது."

"இன்னாபா சொல்ற? டாக்டராண்ட போனியா?"

"போனா எழுதிக் குடுத்துடுவாரு. ஃபேக்டரிக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். ஊட்லயே சொல்லல."

"ஊட்ல சொல்லாம எப்டிபா சமாளிக்கிற?"

"எல்லாத்துக்கும் சரி சொல்லிடறேன் மாமா. ஒரு சண்டை கிடையாது."

"அடப்பாவி, இந்த ரோசனை எனக்கு முப்பது வருசமா தோணலியே. சரி, அதுக்கு ஏன் இப்டி கத்தற? தெரு பூரா கேக்கும்."

நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த வாரம், இட்லி தின்றுகொண்டே பாட்டு நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தோம் மூவரும். கீழே பார்டர் திரையில் எண்ணெய் போனது, பருப்பு போனது, பிறகு ஒரு வெள்ளைத் தாடிக்காரர் வந்தார். சந்தோஷமாகத் தலையைத் திருப்பி, காதுக்குள் இருக்கும் மொச்சைக்கொட்டை மாதிரி ஒன்றைக் காட்டினார். 'உங்கள் வீட்டார் முணுமுணுக்கிறார்களா?' என்று தெலுங்கு எழுத்து ஓடியது. நான் சட்னி ஊற்றுகிற சாக்கில் எழுந்து திரைக்கு முன்னால் நின்றேன்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் இரண்டு தடவை. நான் ஹாலைக் கடந்து பாத்ரூமுக்குப் போகும்போது அவர் என்னைத்தான் பார்க்கிற மாதிரி இருந்தது. தமிழில் நான் சொன்னதைக் கேட்டு, தெலுங்கில் பதில் சொல்லுகிறான் படுபாவி, அந்தக் கத்திரிக்காய்க்காரியைப் போல.

பயந்துபோனால் மனிதன் சட்டம் போடுகிறான். நானும் போட்டேன். மனைவியையும் மகளையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், துணிக்கொடிக்குப் பின்னால் நிற்கவைத்து, இனிமேல் ஹாலில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது என்று உத்தரவிட்டேன். "அது எல்லாத்தையும் கேக்குது. தமிழும் தெரிஞ்சுக்கிச்சு. பேங்க் விசயம், ஆதார் நம்பரு, சொந்தக்காரன் விசயம், எது பேசினாலும் மெதுவா காதோட பேசுங்க."

"நெசமாவா நைனா?" என்றாள் மகள்.

"நெசமா."

அவர்கள் நல்லவர்கள். நான் சொன்னதை அப்படியே செய்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் எல்லாமே கிசுகிசுதான். காது கேட்காதவன் ஒருவன் தன் வீட்டார் அத்தனை பேரையும் கிசுகிசுக்கச் சொல்லிச் சட்டம் போட்டதை நீங்கள் வேறு எங்காவது கேள்விப்பட்டதுண்டா? உதடு அசையும், புருவம் ஏறும், கை எதையோ காட்டும். சத்தம் மட்டும் வராது. நான் எல்லாவற்றுக்கும் "சரி" என்றேன். அப்படி ஒரே மாதத்தில் சமையலறைக்கு ரோஸ் கலர் அடிக்கச் சம்மதித்திருக்கிறேன். மனைவி தன் தம்பி குடும்பத்தோடு நாராயணவனத்துக்குப் போய் மூன்று நாள் தங்கச் சம்மதித்திருக்கிறேன். மே மாதக் கடைசியில் மகள் ஆறு மாதப் பயிற்சிக்கு ஹைதராபாத் போகவும் சம்மதித்திருக்கிறேன். இது அவள் பெட்டியை மேலிருந்து இறக்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"எங்கம்மா கிளம்பற?"

"நீதான சரின்னு சொன்ன நைனா! சோபால உக்காந்துக்கினு, ரெண்டு தடவை சரின்னு சொன்ன."

"சொன்னேன், சொன்னேன். பெட்டி சின்னதா இருக்குதேன்னு கேட்டேன்."

சட்டத்தை வாபஸ் வாங்கவும் முடியாது. வாங்கினால் ஏன் என்று கேட்பார்கள். ஆக, டிவியையே ஒழித்துக்கட்டலாம் என்று இறங்கினேன். முதலில் மைக் ஓட்டையின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன், வெட்டுக்காயத்துக்கு ஒட்டுகிறது. மறுநாளே கம்பெனியிலிருந்து போன். பேருந்து இரைச்சலுக்கு நடுவே, ஃபேக்டரி வாசலில் நின்றபடி எடுத்தேன். இனிப்பான பெண் குரல். இனிப்பு மட்டும் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை.

"கொஞ்சம் கட்டிகா செப்பண்டி" என்றேன், சத்தமாகச் சொல்லுங்கள் என்று. சொன்னாள். மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவைதான் அவள் முதல் வாக்கியம் எனக்குப் புரிந்தது: இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது. அதாவது, சத்தமாகப் பேசும்படி நான் மூன்று தடவை கெஞ்சியதும் பதிவாகியிருக்கிறது. அன்று சாயங்காலம் வெள்ளைத் தாடிக்காரர் மூன்று தடவை வந்தார். எண்ணினேன்.

டிவியைத் திருப்பிக் கொடுக்கிறேன், எடுத்துப் போங்கள் என்றும் அவளிடம் கேட்டுப் பார்த்தேன். "தாராளமா சார், ரெண்டு வருஷம் முடிஞ்சதும்" என்றாள். நடுவில் பிடுங்கினால் முழு விலையும், அன்று பந்தலில் நான் கொடுத்த கார்டிலிருந்து தானாகப் போய்விடுமாம். நெட்டைத் துண்டித்தாலும் அதே. பிளாஸ்திரியை எடுத்தேன். எடுத்தபோது அதில் ஒட்டியிருந்த என் மீசை முடி ஒன்றும் கூட வந்தது. அதையும் விளம்பரத்துக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஹாலில் உட்கார்ந்தால் பெட்டி, சமையலறைக்குப் போனால் கிசுகிசு, ஃபேக்டரிக்குப் போனால் மே மாதம். எனக்கு நிம்மதியான இடம் திருப்பதி சித்தூர் பஸ் ஒன்றுதான். அதில் எவனுக்கும் எதுவும் கேட்காது.

இந்த நிலையில்தான் மேனேஜர் வருவதாகச் சொன்னார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று தெரியாது. திருப்பதியில் வீடு வைத்திருப்பவன் வீட்டுக்குக் கதவு என்பது பெயருக்குத்தான். கூட வேலை செய்கிறவன், அவன் மைத்துனன், மைத்துனனின் வீட்டுச் சொந்தக்காரன், யார் மலைக்குப் போனாலும் நம் வீட்டில் குளிப்பார்கள், பெட்டி வைப்பார்கள், தரிசனம் முடிந்து இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். வரவேண்டாம் என்று சொன்னவன் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. மேனேஜர் ஏதோ வேண்டுதலாம், மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து நடந்தே ஏறி, மொட்டை போட்டு, தரிசனம் செய்து, ஞாயிறு மத்தியானம் மனைவியோடு நம் வீட்டுக்கு. மெஷின் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால்.

என் வீட்டு ஹாலில் மேனேஜர். அவருக்கு எதிரே வெள்ளைத் தாடிக்காரர்.

நான் தயாரானேன். பூஜை அறையிலிருந்த நீளமான பெருமாள் படத்தை எடுத்து, பார்டர் திரையை மறைக்கும்படி டிவிக்குக் கீழே சாத்தி, சாமந்தி மாலை போட்டேன்.

"இன்னாங்க இது, சாமியக் கொண்டாந்து டிவி காலாண்ட வெச்சிக்கீறீங்க?" என்றாள் மனைவி. கோபத்தில் கிசுகிசுக்க மறந்துவிட்டாள். நன்றாகவே கேட்டது.

"மலையிலேர்ந்து வராங்க இல்ல, எறங்கினதும் மறுபடி ஒரு தரிசனம்."

"பூஜை ரூம்ல பண்ணுங்கன்னு சொன்னா ஆவாதா?"

"சரி" என்றேன், பழக்கதோஷத்தில். படத்தை எடுக்கவில்லை.

வந்தார்கள். மேனேஜரின் தலை சந்தனம் பூசிப் பளபளத்தது. லட்டு, வடை, தீர்த்தம். அவரை என் வலது பக்கம் வரும்படி சோபாவின் அந்த மூலையில் உட்காரவைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் காற்று வாங்க எழுந்தபோதெல்லாம் நானும் எழுந்து, கோயில் பிரகாரம் சுற்றுகிறவன் மாதிரி அவரை இடமிருந்து வலமாகச் சுற்றி மறுபடி என் வலது காதைக் கொண்டுபோய் நிறுத்தினேன். என்ன மரியாதை என்று அவர் மனைவி நினைத்திருக்கவேண்டும்.

எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. காபி வந்தது. அப்போது அணைத்து வைத்திருந்த டிவி தானாகப் பேசியது. தெலுங்கில், கணீரென்று, "தயவுசெய்து முன்னால் இருக்கும் தடையை அகற்றவும்."

மேனேஜரின் மனைவி சட்டென்று எழுந்து கைகூப்பிவிட்டார்.

"பெருமாளா பேசினாரு?" என்றார் மேனேஜர். அவர் தெலுங்குக்காரர், எங்களிடம் தமிழ் பேசுவார்.

"டிவி சார். ஃப்ரீ டிவி. கீழ விளம்பரம் வரும், மறைச்சா கத்தும்."

"ஃப்ரீயா? ஏமய்யா, இவ்வளவு பெரிசா ஃப்ரீயா?" அவருக்கு ஆர்வம் தாங்கவில்லை. அவரே எழுந்து, பெருமாள் படத்தை இரண்டு கையாலும் எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்கத்து ஸ்டூலில் வைத்தார். பார்டர் திரை தெரிந்தது. மிக்ஸி. நான் மூச்சு விட்டேன். குக்கர். அடுத்து, தலையைத் திருப்பியபடி, என் வெள்ளைத் தாடிக்காரர்.

மேனேஜர் முழுதும் பார்த்தார். மொச்சைக்கொட்டையைப் பார்த்தார். தெலுங்கு எழுத்தை வாய்விட்டுப் படித்தார். "எங்க பெரியப்பாவுக்கும் இதே வாங்கிக் குடுத்தோம். போட மாட்டாரு" என்றார். அவ்வளவுதான். அவர் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. விளம்பரம் விளம்பரமாகப் போய்விட்டது. அதை எனக்கு வந்த கடிதமாகப் படித்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். ஒரு மாதம் முழுக்கக் கிசுகிசுத்து, சுவருக்கு ரோஸ் கலர் அடித்து, பெருமாளை இடம் பெயர்த்து, எல்லாம் இதற்காகவா என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடம்பே லேசாகிவிட்டது.

"எப்படித் தெரியுதுன்னு பாக்கலாம், போடும்மா" என்றார் மேனேஜர் என் மகளிடம். மலையிலிருந்து நேரடியாக ஏதோ உற்சவம் காட்டுகிற நேரம். மகள் ரிமோட்டை அழுத்தினாள்.

டிவி முந்தின நாள் நான் அணைத்தபோது இருந்த சவுண்டிலேயே தொடங்கியது. அந்த வாரம் மனைவியும் மகளும் மாடியிலேயே பேசிக்கொண்டிருந்ததால், நான்தான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். திரை ஓரத்தில் சவுண்டு எண் எண்பத்து நான்கு என்று தெரிந்தது. நாதஸ்வரமும் தவிலும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தன.

மேனேஜர் கையிலிருந்த காபி அவருடைய வெள்ளை வேட்டியில் கொட்டியது. அவர் மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மகள் கையிலிருந்து ரிமோட் விழுந்து, பேட்டரி சோபாவுக்கு அடியில் உருண்டது. என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். எல்லோர் முகமும் கோணிப்போயிருந்தது. நான் மட்டும் சாய்ந்து உட்கார்ந்து, தலையை லேசாக ஆட்டிக்கொண்டு, இதமாக இருக்கிறதே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேட்டியைத் துடைக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவர்களெல்லாம் ஏன் குதிக்கிறார்கள் என்றுதான் பார்த்தேன்.

மேனேஜர் டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

மகள் பேட்டரியைத் தேடிப் போட்டுச் சத்தத்தைக் குறைத்தாள். அதற்குள் மேனேஜர் நடந்து வந்து என் இடது பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து சுற்ற நேரமில்லை. அவர் உதடு அசைந்தது.

"சரி சார்" என்றேன்.

பிறகு மகள்தான், என் வலது பக்கம் வந்து குனிந்து, சத்தமாகச் சொன்னாள்: "நைனா, 'இந்தப் பக்கம் பேசினா கேக்குதா, கேக்கலையா'ன்னு கேட்டாரு."

இம்மாதிரி நேரத்துக்கென்று எப்போதும் என்னிடம் இரண்டு மூன்று ஜோக் தயாராக இருக்கும். தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்றார் மேனேஜர், எழுந்து வலது பக்கம் வந்து.

"போன சீசன்லேர்ந்து சார்."

"அந்த பேரிங் போன அன்னிக்கு?"

"அன்னிக்கே கேக்கல சார்."

"அந்த பேரிங் ஒடைஞ்சு பறந்திருந்தா பக்கத்துல நின்ன பசங்க கதி என்னய்யா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தப் பத்து மாதத்தில் அதை ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை. என் வேலையைப் பற்றி யோசித்தேன், என் ரகசியத்தைப் பற்றி யோசித்தேன், டிவிக்கு என்ன பாஷை தெரியும் என்று யோசித்தேன்.

அவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். என் மனைவி பரிமாறும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் ஆட்டோ ஏறியதும் உள்ளே வந்து, "நான் சொல்றத நீங்க எப்பவும் காதுல போட்டுக்க மாட்டீங்களே, அந்த மாதிரின்னுதான நெனச்சுக்கினு இருந்தேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுல எது எதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?" என்றும் கேட்டாள். நியாயமான கேள்வி.

மகள் அன்று சாயங்காலமே அந்த ஒப்பந்தத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். ரிமோட்டில் மைக் பட்டனை அமுக்கிப் பேசினால் தவிர, மைக் எதையும் கேட்பதில்லை என்று எழுதியிருந்தது. நிஜமாகக் கேட்பதில்லையா என்பது பெருமாளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் டிவி எதையெல்லாம் குறித்துக்கொள்கிறது என்று ஒரு நீளமான பட்டியல் இருந்தது. எந்தச் சேனல், எந்த நேரம், எதிரே எத்தனை பேர். ஏழாவதோ எட்டாவதோ வரியில், எவ்வளவு சவுண்டு. கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டாள். டிவி வந்த நாளிலிருந்தே, தனியாகப் பார்க்கும்போதெல்லாம் நான் சவுண்டை ஏற்றிக்கொண்டே போனதால் அந்த விளம்பரம் வந்தது என்றார்கள். மாமாவிடம் நான் பேசியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்த வாரம் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். இடது காது ஏறக்குறைய முழுக்கப் போயிருந்தது. வலதில் பாதி. திரும்ப வராது, மெஷின் சத்தத்திலிருந்து விலகியிருந்தால் மிச்சம் நிற்கும் என்றார் டாக்டர். மே மாத ஓட்டத்தை எலக்ட்ரீஷியன் பார்த்தான். மூன்று பேரிங் மாற்றினான். மகள் ஹைதராபாத் போனாள். ஒப்பந்தம் முடிய இன்னும் பல மாதம் இருப்பதால் டிவி ஹாலிலேயே இருக்கிறது. எலக்ட்ரீஷியன் இப்போது ஃபோர்மேன். ஜூன் மாதத்திலிருந்து நான் ஸ்டோர்ஸில், போல்ட்டும் கிரீஸும் எடுத்துக் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன்.